அடுப்பை அணைக்க விடாத பேங்க் ஆபிசர்: அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

கேள்வி: ஜெலுத்தோங் மகள்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பணம் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பணம் போகாததுதான் இப்போது எனக்குத் தலைவலி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட் பார்க்கிறேன். உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அம்மாவுக்கு 67 வயது. ஜெலுத்தோங் ஃபிளாட்டில் பகலெல்லாம் தனியாகத்தான் இருப்பார். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவருடைய இபிஎஃப் பணத்தில் மிச்சம் இருந்ததும், அம்மா கூட்டு (சீட்டு) கட்டிச் சேர்த்ததும் எல்லாம் ஒரே பேங்கில் ஒரே கணக்கில் கிடக்கின்றன. பஸ் ஏறிப் போய் வரிசையில் நிற்க வேண்டாமே என்று அந்த பேங்கின் ஆப்பை அம்மா போனில் போட்டுக் கொடுத்த புண்ணியவதி நான்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை இருக்கும். போன் வந்திருக்கிறது. எடுத்ததும் மலாயில் பேசியிருக்கிறான். அம்மாவின் மலாய் பசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான் வரும். அதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டானாம். “அம்மா, உங்க பேங்கிலிருந்து பேசுறேன். உங்க கார்டை ஜோகூர் பாருல யாரோ 4,860 வெள்ளிக்கு (ரிங்கிட்) தேய்ச்சிருக்காங்க. நீங்களா?” அம்மா கடைசியாக ஜோகூர் பாரு போனது என் சித்தி மகள் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளைக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

“நான் இல்லையே தம்பி” என்றதும் அவன் பதறியிருக்கிறான். அப்படியானால் யாரோ உங்கள் பெயரில் மோசடி செய்கிறார்கள், இருங்கள், பேங்க் நெகாராவுக்கு (நாட்டின் மத்திய வங்கி) லைன் மாற்றித் தருகிறேன் என்று ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறான். அந்தப் பெண், புக்கிட் அமான் (போலீஸ் தலைமையகம்) இன்ஸ்பெக்டர் என்று இன்னொருவனிடம் கொடுத்திருக்கிறாள். பின்னால் வாக்கிடாக்கி சத்தமெல்லாம் கேட்டதாம். உங்கள் கணக்கில் போதைப்பொருள் பணம் வந்திருக்கிறது, வாரண்ட் தயாராக இருக்கிறது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், பிள்ளைகளிடம்கூடச் சொல்லக்கூடாது, சொன்னால் அவர்களையும் கேஸில் சேர்ப்போம் என்று மிரட்டல். அப்புறம் மறுபடியும் முதல் தம்பி வந்து, “பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறான்.

வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்திருக்கிறது. அதே லோகோ, அதே நிறம். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெயரையும் பாஸ்வேர்டையும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருக்கிறார். எஸ்எம்எஸ்ஸில் வந்த ஆறு இலக்க டேக் நம்பரையும் (ஒரு தடவைக்கான ரகசிய எண்) படித்துக் காட்டிவிட்டார்.

அந்த நேரத்தில் அடுப்பில் பருப்பு. குக்கர் நாலாவது விசில் அடித்துவிட்டது. “தம்பி, ஒரு நிமிஷம், அடுப்பை அணைச்சிட்டு வந்துடுறேன்” என்றிருக்கிறார். அவனோ, “அடுப்பு கிடக்கட்டும், போனை விட்டு நகரக்கூடாது!” என்று கத்தியிருக்கிறான். அம்மாவுக்கு அங்கேதான் சுருக்கென்று கோபம் வந்திருக்கிறது. என் வீட்டு அடுப்பை அணைக்காதே என்று சொல்ல இவன் யார்? போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டார். அணைத்து, மூடி திறந்து, பருப்பு அடிப்பிடித்துவிட்டதா என்று பார்த்து, தாளித்தும் முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். லைன் கட்டாகியிருந்தது. அதன் பிறகு வந்த போனை எடுக்கவே இல்லை. ரோஷம்.

மூன்றரைக்கு நான் வந்து பார்த்தால் 14 மிஸ்டு கால், நாலு வேறு வேறு எண்கள். அம்மா நிதானமாக, “உன் பேங்க்ல ஒரு பையன் இருக்கான், வளர்ப்பே சரியில்ல” என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குப் போட்டு எல்லாவற்றையும் முடக்கச் சொன்னேன். காலை 11:12க்கு வேறு ஒரு போனில் அம்மாவின் கணக்கைப் பதிவு செய்ய யாரோ முயன்றிருக்கிறார்கள், புதுப் போன் என்பதால் இன்னும் திறக்கவில்லை, ரத்து செய்துவிட்டோம் என்றார்கள். சாயங்காலமே போலீஸ் பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தோம்.

தலைவலி இதுதான். அம்மா நம்பவில்லை. “திருடன்னா பணம் போயிருக்கணுமே? என் ஐசி (அடையாள அட்டை) நம்பர், பிறந்த தேதி, கார்டு நம்பர் எல்லாம் சரியாச் சொன்னான். நிஜ பேங்க் பையன்தான், கொஞ்சம் முன்கோபம், அவ்வளவுதான்” என்கிறார். இன்னொரு நாள் பார்த்தால் ஒரேயடியாகப் பயந்து எந்தப் போனையும் எடுப்பதில்லை. கண் ஆஸ்பத்திரியிலிருந்து தேதி மாற்றக் கூப்பிட்டதையும் எடுக்காமல் விட்டுவிட்டார்.

அவனுக்கு அதெல்லாம் எப்படித் தெரிந்தது? அம்மா பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரே ஒரு வழி யாராவது சொல்லுங்களேன். பத்துக் குறிப்பு எழுதிய படங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் தினமும் வருகின்றன. அம்மா அதற்கெல்லாம் பூங்கொத்து ஸ்டிக்கர் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பதில் 1: செந்தூல் சிங்கம்

அக்கா, எனக்கு இந்த மாதிரி போன் வந்தால் ஜாலிதான். அரை மணி நேரம் இழுப்பேன். கார்டு நம்பர் கேட்டால் என் மோட்டார் நம்பரைச் சொல்வேன். அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள், பொழுதும் போகும்.

பதில் 2: பட்டர்வொர்த் கவுண்டர்

சிங்கம் தம்பி, வேண்டாம்பா. பேச்சுதான் அவர்கள் தொழில். நீ அரை மணி நேரம் கலாய்ப்பதாக நினைக்கிறாய், அதற்குள் நீ எந்த ஊர், எங்கே வேலை, வீட்டில் யார் என்று நாலு விஷயம் வாயிலிருந்து விழுந்திருக்கும். அடுத்த மாதம் வேறு குரல் அதையே உன் அப்பாவிடம் சொல்லும்.

மகளே, நான் 27 வருடம் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்தவன், ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. முதலில் உங்கள் அம்மாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அவன் சொன்னது கார்டின் முதல் நாலு எண்ணா, கடைசி நாலு எண்ணா? முதல் எண்கள் எந்த பேங்க், எந்த வகைக் கார்டு என்பதைக் காட்டுபவை. ஒரே பேங்கின் ஒரே வகைக் கார்டு வைத்திருக்கும் எல்லாருக்கும் அவை ஒன்றாகவே இருக்கும். அவன் அதை வாசித்துவிட்டு மிச்சத்தை “சரிபார்க்க” உங்கள் வாயாலேயே சொல்ல வைப்பான்.

ஐசி நம்பரும் பெரிய ரகசியம் இல்லை. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்து இரண்டு பிறந்த மாநிலம், பினாங்குக்கு 07. கடைசி எண் இரட்டைப்படையாக இருந்தால் பெண். அதற்கு மேல், 2017இல் இந்த நாட்டில் 4 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான கைபேசி எண்கள், பெயர், முகவரி, ஐசியோடு கசிந்தது நினைவிருக்கிறதா? எண்ணை மாற்றாத ஆள் என்றால் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் போதாதென்று சூப்பர்மார்க்கெட் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கெல்லாம் ஐசியை எழுதிப் பெட்டியில் போட்டவர்கள்தானே நாம்.

திரையில் பேங்க் எண்ணே வந்தது என்று பலர் சொல்வார்கள். வரும். அழைப்பவன் எந்த எண்ணை வேண்டுமானாலும் காட்ட முடியும். ஆனால் அதே எண்ணை நாம் நம் விரலால் அழுத்திக் கூப்பிட்டால் அது நிஜ பேங்குக்குத்தான் போகும். வருவதைப் போலியாக்குவது சுலபம், போவதைத் திருப்பிவிடுவது அவ்வளவு சுலபமில்லை. எனக்குத் தெரிந்து அம்மாக்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரே விஷயம் இதுதான்.

லைன் மாற்றிக் கொடுத்த கதைக்கு வருகிறேன். நான் இருந்த 27 வருடத்தில் ஒரு வாடிக்கையாளரின் அழைப்பை பேங்க் நெகாராவுக்கோ புக்கிட் அமானுக்கோ மாற்றிவிடும் பொத்தான் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பேங்க் நெகாரா பேங்குகளை மேற்பார்க்கும் இடம். உங்கள் அம்மா கணக்கு அங்கே இல்லை. போலீஸ் போனில் விசாரணை நடத்தி, பணத்தை வேறு கணக்கில் போடு என்று சொல்வதும் கிடையாது.

பணம் ஏன் போகவில்லை என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா எல்லா பேங்குகளுக்கும் ஐந்து கட்டுப்பாடுகளை அறிவித்தது. அதில் ஒன்று, புதிதாக ஒரு போனைப் பதிவு செய்தால் உடனே பணம் அனுப்ப முடியாது, சில மணி நேரம் ஆறப்போட வேண்டும். அவன் அம்மாவைப் போனிலேயே கட்டிப்போட்டது அதற்காகத்தான். அந்த நேரம் முடியும்வரை மகளிடம் பேசிவிடக் கூடாது, பேங்குக்குக் கூப்பிட்டுவிடக் கூடாது. 14 மிஸ்டு கால் வேறு எதற்கு?

ஒரு விஷயம் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர் என் கவுண்டருக்கு வந்தார். ஃபிக்ஸட் டெபாசிட்டை முறிக்க வேண்டும், 62,000 வெள்ளி. முதிர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, வட்டி போய்விடும் ஐயா என்றேன். பரவாயில்லை என்றார். எதற்கு என்று கேட்டால், வீடு வாங்க என்றார். எங்கே வீடு என்றால் பதில் இல்லை. சட்டைப் பையில் போன், அதன் திரையில் வெளிச்சம். பேசும்போதெல்லாம் குனிந்து பையைப் பார்க்கிறார். நான் சத்தமாக, “ஃபாரம் எடுக்கிறேன் ஐயா” என்று சொல்லிவிட்டு, டெபாசிட் சீட்டின் பின்புறம் ‘போனில் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா?’ என்று எழுதிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். அவர் அதைப் படித்தார். கண் கலங்கிவிட்டது. மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டினார். சீட்டில் அவர் எழுதியது ஒரே வார்த்தை: ‘வாரண்ட்’.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். புத்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. மரியாதைக்குப் பழகிய ஆள், அதிகாரி பேசும்போது குறுக்கே பேச மாட்டார், போனை வைக்க மாட்டார். அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்.

பதில் 3: கேஎல் பறவை

கவுண்டர் ஐயா சொன்னதை வாசித்ததும் எனக்கு வயிறு பிசைகிறது. நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 34 வயது. கணக்கு பார்ப்பதுதான் தொழில், என் கணக்கிலிருந்தே 11,300 வெள்ளி போனது.

“பாதுகாப்புக் கணக்குக்கு மாற்றுங்கள், நாளைக்குத் திரும்ப வந்துவிடும்” என்றார்கள். பணம் அனுப்பும் முன் யாருக்குப் போகிறது என்று டுயிட்நவ் திரை பெயரைக் காட்டும். எனக்கும் காட்டியது. பேங்க் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். ஒரு நொடி விரல் நின்றது. “அது எங்கள் கணக்காய்வாளர் பெயர் மேடம்” என்றான். கணக்காய்வாளர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்ம ஆள்தானே என்று அழுத்திவிட்டேன். இப்போது எழுதும்போதுகூட என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அதைவிடப் பெரிய தப்பு, இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தது. வெட்கம். மூன்றாம் நாள்தான் 997க்குக் கூப்பிட்டேன். 2022 அக்டோபரில் ஆரம்பித்த தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையத்தின் எண் அது. போலீஸ், பேங்க் நெகாரா, தொலைத்தொடர்பு ஆணையம் எல்லாம் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. உடனே கூப்பிட்டால் போகும் வழியில் பணத்தை மறித்து நிறுத்தப் பார்ப்பார்கள். என் பணம் அதற்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று தாவிப் போய்விட்டது. ஒன்றும் திரும்பவில்லை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். 997 நாம் கூப்பிடுவதற்கான எண். 997இலிருந்து பேசுகிறோம் என்று யாராவது உங்களைக் கூப்பிட்டால் அதுவும் அதே கூட்டம்தான்.

பதில் 4: பிறைக்காரன்

போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாமே. புகார் வந்த எண் என்றால் காட்டிவிடும்.

கூடவே ஒன்று. அந்தக் கணக்குகளின் சொந்தக்காரர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை. எங்கள் தாமானில் ஒரு பையன் 500 வெள்ளிக்குத் தன் ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் ‘வாடகைக்கு’ விட்டான். மோசடிப் பணம் கைமாறுவதற்கான ஆக்காவுன் கெல்டாய், கழுதைக் கணக்கு என்று சொல்வார்களே, அதுதான். இப்போது கோர்ட்டுக்கு நடக்கிறான். 2024இல் குற்றவியல் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்த்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது என்று கையை விரித்தால் இனி வேலைக்காகாது. வீட்டில் வேலை தேடும் பிள்ளைகள் இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள்.

பதில் 5: பட்டர்வொர்த் கவுண்டர்

தம்பி சொல்வது சரி, ஆனால் செமாக் மியூலில் பெயர் வரவில்லை என்றால் நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை. நேற்றுத் திறந்த கணக்குக்கு இன்னும் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மகளே, நேற்று விட்டுப்போனதைச் சொல்கிறேன். அந்த ஆப்பில் கில் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், இப்போது பெரும்பாலான பேங்குகள் வைத்திருக்கின்றன. அழுத்தினால் ஆன்லைனில் யாரும் கணக்கைத் தொட முடியாதபடி உறைந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றி, ஒரு நாளைக்கு அனுப்பும் வரம்பைக் குறைத்து வையுங்கள். அம்மா ஒரு நாளில் 300 வெள்ளிக்கு மேல் யாருக்கு அனுப்பப் போகிறார்?

பதில் 6: ஆயர் ஈத்தாம் பாட்டி

எனக்கு 71 வயது. பேரன் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறான், மெதுவாகத்தான் தட்டுகிறேன்.

பிள்ளைகளா, நீங்கள் எல்லாம் போனை வை, போனை வை என்கிறீர்கள். எங்களுக்கு வைக்க வராது. பேசிக்கொண்டிருக்கிறவர் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். அதனால் எங்களுக்குச் சொல்லி வைப்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டும்.

அம்மாவுக்கு அந்த வாக்கியம் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே! “அடுப்பில் குக்கர் இருக்குப்பா, அணைச்சிட்டு நானே கூப்பிடுறேன்.” இதைச் சொல்லச் சொல்லு. எந்த பேங்க்காரனும் குக்கரை வெடிக்க விடு என்று சொல்ல மாட்டான். நல்லவன் என்றால் சரிங்கம்மா என்பான். கெட்டவன் கத்துவான். அடுப்பு எரியவேண்டும் என்றுகூட இல்லை.

கேள்வி கேட்டவர்: ஜெலுத்தோங் மகள்

எல்லாருக்கும் நன்றி. பறவை அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “படிச்ச பிள்ளைக்கே இப்படியா” என்று உச் கொட்டினார். தன் கதையைக் கேட்டபோது அப்படி உச் கொட்டவில்லை. மற்றவருக்கு நடந்தால்தான் திருட்டு என்று தெரிகிறது போலும்.

கவுண்டர் ஐயா, அம்மாவைக் கேட்டேன். முதல் நாலு எண்ணாம்! என் கார்டும் அதே பேங்க், அதே வகை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடியும் ஏற்றி இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் அந்தத் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுத முடியாது. நான் சொல்லி நம்பாதது அந்த நாலு எண்ணில் முடிந்துவிட்டது.

வரம்பை 300 ஆக்கிவிட்டேன். பேங்க் எண்ணைப் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜில், தண்ணீர்மலை கோயில் காலண்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

பாட்டி, உங்கள் வாக்கியத்தை அம்மா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். நேற்று இரவு ஒன்பது மணிக்கு, நாங்கள் சாப்பிட்டு முடித்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது, போன் வந்தது. யாரோ பேங்கிலிருந்து என்றார்கள். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, “அடுப்புல குக்கர் இருக்குப்பா” என்றார். அந்தப் பக்கம், “சரிங்கம்மா, நீங்களே கூப்பிடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மாவே எண்ணை அழுத்தினார். நிஜ பேங்க்தானாம். பழைய கார்டை முடக்கினோமே, அதற்குப் பதில் புதுக் கார்டு வந்திருக்கிறது, கிளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். 17 நிமிஷம் காக்க வைத்துப் பாட்டுப் போட்டார்கள், அதில் ஒரு தமிழ்ப் பாட்டுகூட இல்லை என்பதுதான் இப்போது அம்மாவுடைய புகார்.